புதிய ஸ்டேடியத்துக்குக் கையைத் தூக்குவதற்கு முன்

தன் கிளப் புதிய ஸ்டேடியம் கட்டப்போகிறது என்ற அறிவிப்பைக் கேட்ட கால்பந்து ரசிகருக்கு முதலில் வந்தது மகிழ்ச்சியா வருத்தமா என்று பெரும்பாலும் அவராலேயே சொல்ல முடிவதில்லை. காலையில் வெளியான படங்களைப் பார்த்துப் பூரித்துப் போனவர், மாலையில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் ஆட்டம் பார்த்த கேலரியை நினைத்துச் சோர்ந்து போகிறார். இப்படி இரண்டு மனதாக இருப்பதை ஒரு குறையாக எண்ணி, நண்பர்கள் கூடும் இடத்தில் ஏதாவது ஒரு பக்கம் போய் நின்றுகொள்பவர்களே அதிகம். இரண்டு மனம் இருப்பதில் தவறே இல்லை என்பது என் கருத்து. அந்த இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி வைத்துக்கொள்வதுதான் தவறு. பழைய இடத்தின் மீதுள்ள பற்று ஒன்று, புதிய திட்டத்தின் மீதுள்ள சந்தேகம் வேறொன்று. பற்றுக்கு யாரும் பதில் சொல்ல முடியாது. சந்தேகத்துக்குக் கிளப் பதில் சொல்லியே ஆக வேண்டும். ஆகவே எது பற்று, எது சந்தேகம் என்று பிரித்துக்கொண்டு, சந்தேகங்களை எந்த வரிசையில், எந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்பது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

லிவர்பூல் நகரத்து எவர்ட்டன் கிளப்பையே பெரும்பாலும் எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். தன் ரசிகர்களிடம் அத்தனை ஸ்டேடியத் திட்டங்களைக் காட்டி, அத்தனை முறை கைவிட்ட பெரிய கிளப் இங்கிலாந்தில் அரிது. அவர்களுடைய குடிசன் பார்க் மைதானம் 1892 ஆகஸ்ட் 24 அன்று திறக்கப்பட்டது. நகரின் ஆற்றங்கரையில் கிங்ஸ் டாக் என்ற இடத்தில் 55,000 இருக்கைகளோடு ஸ்டேடியம் கட்டும் திட்டம், கிளப் தன் பங்கான 3 கோடி பவுண்டைத் திரட்ட முடியாததால் 2003-இல் கை நழுவியது. அடுத்து, டெஸ்கோ பல்பொருள் அங்காடி நிறுவனத்தோடு சேர்ந்து நகர எல்லைக்கு வெளியே கிர்க்பியில் கட்டலாம் என்று 2007-இல் ரசிகர்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். வாக்களித்தவர்களில் சுமார் 59 சதவீதம் பேர் சரி என்றார்கள். 2009 நவம்பரில் அரசு அனுமதி மறுத்தது. 2014-இல் அறிவித்த வால்ட்டன் ஹால் பூங்காத் திட்டம் 2016-இல் கைவிடப்பட்டது. கடைசியில் பிராம்லி-மூர் டாக் என்னும் பழைய கப்பல் துறையில் கட்ட 2021 பிப்ரவரியில் மாநகராட்சி அனுமதி கொடுத்தது. அங்கே முதல் லீக் ஆட்டம் நடந்த நாள் 2025 ஆகஸ்ட் 24. குடிசன் திறந்த அதே தேதி, 133 ஆண்டுகள் கழித்து. இந்த இருபது ஆண்டு அலைச்சலில் ஒரு ரசிகர் கற்றுக்கொள்ள வேண்டியவை ஏறக்குறைய எல்லாமே இருக்கின்றன.

இழக்கப்போவதை எழுதி வையுங்கள்

முதல் வேலை, பழைய மைதானத்தில் உங்களுக்குப் பிடித்தவற்றை ஒரு தாளில் எழுதுவது. 'வரலாறு', 'உணர்வு', 'சூழல்' போன்ற சொற்களை அதில் எழுதாதீர்கள்; அவற்றை வைத்துக்கொண்டு எந்தக் கட்டடக் கலைஞரிடமும் எதையும் கேட்க முடியாது. கையால் தொட்டுக் காட்டக்கூடியதை எழுதுங்கள். குடிசன் பார்க்கில் இரண்டு கேலரிகள் சந்திக்கும் மூலையில் செயின்ட் லூக் தேவாலயம் மைதானத்துக்குள் தலையை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் காலத்தில் பிரிட்டனின் மைதானங்கள் பலவற்றை வடிவமைத்த ஆர்ச்சிபால்ட் லீச்சின் கைவண்ணமாக, புல்லன்ஸ் சாலைப் பக்கக் கேலரியின் மேல்தட்டு முகப்பில் பெருக்கல் குறி போலக் குறுக்கும் நெடுக்குமாக எஃகுப் பட்டைகள் ஓடும். முன்வரிசைகளில் உட்கார்ந்தால், பந்தை உள்ளே எறிய வரும் ஆட்டக்காரரின் மூச்சு கேட்கும் அளவுக்கு எல்லைக்கோடு அருகில் இருக்கும்.

பிடிக்காததையும் அதே தாளில் எழுத வேண்டும். இதைத்தான் பலரும் தவிர்த்துவிடுகிறார்கள். குடிசனில் கூரையைத் தாங்கும் தூண்கள் பார்வையாளர்களின் நடுவே நின்றன. தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தவர், பந்து இடப்பக்கம் போனால் வலப்பக்கம் சாய்வார், வலப்பக்கம் போனால் இடப்பக்கம் சாய்வார். கோல் விழும் நொடியில் மட்டும் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் கம்பம்தான் தெரியும். பக்கத்து இருக்கைக்காரர் துள்ளி எழுவதைப் பார்த்தே கோல் என்று அறிந்துகொண்டவர்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருந்தார்கள். மரப்பலகைத் தரை, குறுகிய நடைவழி, கால் நீட்ட இடமில்லாத இருக்கை ஆகியவையும் அந்தப் பழைய அழகோடு சேர்ந்தவையே.

தாள் நிறைந்ததும் ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள்: இதைப் புதிய இடத்துக்குக் கொண்டுபோக முடியுமா, முடியாதா? தேவாலயத்தைக் கொண்டுபோக முடியாது. ஆனால் எல்லைக்கோட்டின் அருகாமை, கேலரியின் செங்குத்து, அணி களமிறங்கும்போது ஒலிக்கும் மெட்டு, இருபது ஆண்டுகளாகப் பக்கத்தில் உட்கார்ந்த நான்கு பேரோடு சேர்ந்தே இடம் கிடைப்பது ஆகிய எல்லாவற்றையும் கொண்டுபோக முடியும். கொண்டுபோக முடியாதவற்றுக்காக வருந்துங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொண்டுபோக முடிந்தவற்றைக் கேட்டு வாங்குங்கள். டாட்டன்ஹாம் 2019-இல் திறந்த ஸ்டேடியத்தின் தென்புறத்தில் 17,500 பேர் அமரும் ஒரே தட்டுக் கேலரியைக் கட்டியதும், எவர்ட்டன் தன் புதிய இடத்தில் சுமார் 13,000 பேருக்குச் செங்குத்தான ஒரு கேலரியை எழுப்பியதும் தற்செயலாக நடந்தவை அல்ல. ஒரே தட்டில் நெருக்கமாக நின்று குரல் எழுப்ப விரும்பும் கூட்டம் உண்டு என்பதை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்.

அழகுப் படத்தை ஒதுக்கிவிட்டுக் குறுக்குவெட்டைக் கேளுங்கள்

கிளப் முதலில் வெளியிடும் படத்தில் எப்போதும் அந்தி நேரமாக இருக்கும், வானம் ஊதா நிறத்தில் இருக்கும், ஒரு குழந்தை அப்பாவின் தோளில் உட்கார்ந்திருக்கும். அந்தப் படத்திலிருந்து தெரிந்துகொள்ள எதுவும் இல்லை. திட்ட அனுமதிக்காக மாநகராட்சியிடம் கொடுக்கும் ஆவணங்களில் கேலரியை நெடுக்காக வெட்டிக் காட்டும் வரைபடம் இருக்கும். அதைத்தான் பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் இந்த ஆவணங்கள் மாநகராட்சியின் இணையதளத்தில் எல்லோருக்கும் திறந்திருக்கும்.

அதில் பார்க்க வேண்டிய முதல் எண், முன்னால் இருப்பவரின் தலை உங்கள் பார்வையை எவ்வளவு மறைக்கும் என்பது. ஸ்டேடியம் வடிவமைப்பவர்கள் இதைச் 'சி அளவு' என்கிறார்கள். உங்கள் கண்ணிலிருந்து எல்லைக்கோட்டுக்கு ஒரு நேர்கோடு இழுத்தால், அந்தக் கோடு முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு எத்தனை மில்லிமீட்டர் மேலே போகிறது என்பதே அது. 60 என்பது குறைந்தபட்சம், 90 நல்லது, 120 மிக நல்லது. கணக்கு பள்ளிக்கூட அளவில்தான் இருக்கிறது. முன்வரிசைக்காரரின் கண்ணுக்கும் எல்லைக்கோட்டுக்கும் இடையே உள்ள கிடைத் தூரத்தை, அவருடைய கண்ணின் உயரத்தையும் ஒரு படியின் உயரத்தையும் கூட்டி வந்த எண்ணால் பெருக்குங்கள். வந்ததைக் கிடைத் தூரத்தோடு ஒரு வரிசையின் ஆழத்தைக் கூட்டி வந்த எண்ணால் வகுங்கள். கிடைத்ததிலிருந்து முன்வரிசைக் கண்ணின் உயரத்தைக் கழியுங்கள்.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். கிடைத் தூரம் 20 மீட்டர், கண்ணின் உயரம் 8 மீட்டர், வரிசையின் ஆழம் 80 சென்டிமீட்டர், படியின் உயரம் 40 சென்டிமீட்டர் என்றால் விடை சுமார் 77 மில்லிமீட்டர், பார்க்கலாம். படியின் உயரத்தை 36 சென்டிமீட்டராக மட்டும் குறைத்துவிட்டு மறுபடி போட்டால் விடை சுமார் 38 மில்லிமீட்டருக்கு இறங்கிவிடுகிறது. முன்னால் தொப்பி போட்டவர் உட்கார்ந்தால் எல்லைக்கோட்டை மறந்துவிட வேண்டியதுதான். நான்கு விரற்கடை கூட இல்லாத இந்த வித்தியாசம் செலவைக் குறைக்கும் கட்டத்தில் ஓசையின்றி நடந்து முடியும். எல்லைக்கோட்டுக்கு எவ்வளவு நெருங்கி இருக்கிறோமோ, அவ்வளவு செங்குத்தாக ஏற வேண்டும் என்பதும் இதே கணக்கிலிருந்து புரியும். பிரிட்டனின் பாதுகாப்பு வழிகாட்டு நெறி இருக்கை வரிசைகளின் சாய்வுக்கு 34 பாகை என்று மேல் எல்லை வைத்திருப்பதால், நெருக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு.

இரண்டாவது எண், மிகத் தொலைவான இருக்கைக்கும் அதற்கு எதிர்மூலையில் இருக்கும் கார்னர் கொடிக்கும் உள்ள தூரம். 150 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. 190 மீட்டருக்கு மேல் போனால் பந்தே சரியாகத் தெரியாது. தடகளப் பாதை உள்ள ஸ்டேடியத்தில் கால்பந்து பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னை நேரு ஸ்டேடியத்தில் கோல் கம்பத்துக்குப் பின்னால் உட்கார்ந்தவருக்கு மறுமுனைக் கோல் எப்படித் தெரியும் என்பது தெரியும். லண்டன் ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஸ்டேடியத்துக்கு 2016-இல் குடிபோன வெஸ்ட் ஹாம் ரசிகர்களின் தீராத மனக்குறையும் அதுவே. 1904 முதல் அவர்கள் ஆடிய அப்டன் பார்க்கில் ஆட்டக்காரரைத் தொட்டுவிடலாம் போலிருக்கும். புதிய இடத்தில் இருக்கைகளுக்கும் புல்தரைக்கும் நடுவே ஓட்டப்பந்தயம் நடத்தும் அளவுக்கு இடைவெளி. அப்டன் பார்க் இருந்த இடத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் இருக்கின்றன, எனவே திரும்பிப் போக வழியும் இல்லை.

நடந்து பாருங்கள்

எல்லாப் படிகளிலும் செலவு குறைந்தது இதுதான், ஆனால் இதைச் செய்பவர்கள் மிகக் குறைவு. ஸ்டேடியம் வரப்போகும் இடத்துக்கு, ஆட்டம் முடியும் நேரத்தில், குளிர்கால வார நாள் ஒன்றின் இரவில் போங்கள். அங்கிருந்து வீட்டுக்கு, நீங்கள் வழக்கமாகப் போகும் வகையில் திரும்பி வாருங்கள். எத்தனை மணிக்கு வீட்டு வாசலை அடைந்தீர்கள் என்று எழுதி வையுங்கள். பிறகு அதே பாதையில் உங்களோடு 20,000 பேர் நடப்பதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.

பிராம்லி-மூர் டாக்குக்கு மிக அருகிலுள்ள ரயில் நிலையம் சான்ட்ஹில்ஸ். நடை 15 முதல் 20 நிமிடம். தொலைவு ஒரு பொருட்டில்லை. அந்த நிலையம் எவ்வளவு சிறியது என்பதுதான் பொருட்டு. ஆற்றிலிருந்து வரும் காற்று டிசம்பர் மாதத்தில் அந்தச் சாலையில் எப்படி வீசும் என்பதையும் எந்தப் போக்குவரத்து அறிக்கையும் எழுதாது. உங்கள் குடும்பத்தில் கைத்தடி ஊன்றி நடக்கும் பெரியவர் ஆட்டத்துக்கு வருபவர் என்றால் அவரோடு நடந்து பாருங்கள்.

கிர்க்பித் திட்டத்தில் இடமே முக்கியப் பிரச்சினையாக இருந்தது. குடிசனிலிருந்து சில மைல் தொலைவுதான், ஆனால் நிர்வாக எல்லையில் அது லிவர்பூல் இல்லை, பக்கத்து நோஸ்லி. வரைபடத்தில் கிடந்த ஒரு கோட்டுக்காக இவ்வளவு சண்டையா என்று வெளியூர்க்காரர்கள் சிரித்தார்கள். நகரத்தின் பெயரைச் சொல்லிப் பாட்டுப் பாடும் கூட்டத்துக்கு அந்தக் கோடு வேலி போலத் தெரிந்தது. கிளப்பை நகரத்துக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று எதிர்த்த ரசிகர்கள் கூடவே போக்குவரத்துக் கணக்குகளையும் கையில் வைத்துக்கொண்டு பேசியதால்தான் அரசு நடத்திய விசாரணையில் அவர்கள் குரலுக்கு இடம் கிடைத்தது. பற்றையும் சந்தேகத்தையும் பிரித்துக்கொள்ளச் சொன்னேன் அல்லவா, அவர்கள் இரண்டையும் வைத்துக்கொண்டு, எதை எங்கே பேசுவது என்று அறிந்திருந்தார்கள்.

நிலம் யார் பெயரில்?

இந்தக் கேள்வியைக் கேட்காமல் ஒரு திட்டத்தை ஆதரிப்பது, பத்திரம் பார்க்காமல் வீட்டுக்கு முன்பணம் கொடுப்பதற்குச் சமம். கேட்க வேண்டியவை மூன்று. பழைய மைதானத்தை எப்போது விற்கப்போகிறார்கள்? புதிய ஸ்டேடியம் கிளப்புக்குச் சொந்தமா, வாடகையா? கிளப்பின் உரிமையாளர் கைமாறினால் ஸ்டேடியம் கிளப்போடு போகுமா, பழைய உரிமையாளரிடமே தங்குமா?

முதல் கேள்வியின் முக்கியத்துவம் பிரைட்டன் ரசிகர்களுக்குத் தெரியும். அவர்களுடைய கோல்ட்ஸ்டோன் மைதானம் 1995-இல் விற்கப்பட்டது; போக வேறு இடம் இருக்கவில்லை. 1997 ஏப்ரலில் அங்கே கடைசி ஆட்டம் நடந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகள் தங்கள் 'உள்ளூர்' ஆட்டத்தைப் பார்க்க அவர்கள் நூறு கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து ஜில்லிங்ஹாம் போனார்கள். பிறகு பன்னிரண்டு ஆண்டுகள் விதீன் என்ற சிறிய தடகள மைதானத்தில் மழையில் நனைந்தார்கள். 2011-இல்தான் ஃபால்மரில் சொந்த ஸ்டேடியம் எழுந்தது. பழைய மைதானம் இருந்த இடத்தில் கடைகள் வந்துவிட்டன. புதிய இடத்தின் கதவு திறக்கும் நாள் உறுதியாகும் வரை பழைய இடத்தின் சாவியைக் கொடுக்கக் கூடாது என்பது கல்லில் எழுதி வைக்க வேண்டிய நிபந்தனை.

இரண்டாவது கேள்விக்குக் கவன்ட்ரி சிட்டியைப் பாருங்கள். 2005-இல் சொந்த மைதானத்தை விட்டு வாடகைக்குப் போன அந்தக் கிளப், ஸ்டேடியத்தை நடத்தியவர்களோடு வந்த தகராறில் 2013-இல் நார்தாம்ப்டனுக்கும் 2019-இல் பர்மிங்ஹாமுக்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக நேர்ந்தது. ஸ்டேடியம் கிளப்பின் கைக்கு வர 2025 வரை இருபது ஆண்டுகள் ஆயின. வாடகை எப்போதும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. வெஸ்ட் ஹாம் 99 ஆண்டுக் குத்தகையில், மிகக் குறைந்த வாடகையில் இருக்கிறது. ஒலிம்பிக் ஸ்டேடியத்தைக் கால்பந்துக்கு ஏற்றபடி மாற்ற ஆன 32 கோடி பவுண்டுக்கு மேற்பட்ட செலவில் கிளப் கொடுத்தது 1.5 கோடி பவுண்டுதான். கணக்குப் பிள்ளைக்கு அது அருமையான ஒப்பந்தம். ஆனால் மீதியைக் கொடுத்தது வரி செலுத்தும் பொதுமக்கள் என்பதால், இருக்கையை இரண்டு மீட்டர் முன்னால் நகர்த்துவதற்குக் கூடக் கிளப் வேறொருவரைக் கேட்க வேண்டியிருக்கிறது.

நகரமே உரிமையாளராக இருந்தால் விவாதம் இன்னொரு நிறம் எடுக்கிறது. மிலான் நகரின் சான் சீரோ 1926-இல் திறக்கப்பட்டது. ஏசி மிலான், இன்டர் என்ற இரண்டு எதிரிகளுக்கும் அதுவே வீடு. அதை வாங்கி, பக்கத்திலேயே 71,500 இருக்கைகளோடு புதியதைக் கட்டிவிட்டுப் பழையதில் பெரும்பகுதியை இடிக்க இரு கிளப்புகளும் கேட்டன. 2025 செப்டம்பர் கடைசியில் விடிய விடிய நடந்த கூட்டத்தில் நகர மன்றம் 24-க்கு 20 என்ற வாக்கில் விற்பனைக்கு ஒப்புக்கொண்டது. அந்த இருபது எதிர்வாக்குகளை உணர்ச்சிவசப்பட்டவை என்று தள்ளிவிட முடியாது. பொதுச் சொத்தை என்ன விலைக்கு, யாருக்கு விற்கிறோம் என்பது கால்பந்தே பார்க்காதவரும் கேட்க வேண்டிய கேள்வி.

பணமும் இருக்கையும்

கட்டுமானச் செலவு எவ்வளவு என்று கேட்பதை விட, அந்தக் கடனை எந்த வருமானம் அடைக்கப்போகிறது என்று கேளுங்கள். 39 கோடி பவுண்டு செலவில் ஆர்சனல் 2006-இல் எமிரேட்ஸ் ஸ்டேடியத்துக்குப் போனது. 60,000 பேர் வந்தார்கள், கடனும் ஒழுங்காகக் கட்டப்பட்டது. ஆனால் 2005-க்கும் 2014-க்கும் இடையே ஒரு கோப்பையும் வரவில்லை, நல்ல ஆட்டக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக விற்கப்பட்டார்கள். 'அடுத்த பத்து ஆண்டு கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்' என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தால் அந்த ரசிகர்களில் பலர் பொறுத்திருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

பெரியதாகக் கட்டினால் கூட்டம் தானாக வரும் என்ற நம்பிக்கையும் ஆபத்தானது. சில ஆயிரம் பேர் பார்க்கும் டார்லிங்டன் கிளப்புக்கு 2003-இல் 25,000 இருக்கைகளோடு ஸ்டேடியம் கட்டினார்கள். ஆட்ட நாளில் இருக்கைகளின் நிறம்தான் கண்ணைப் பறித்தது. கடனில் மூழ்கிய கிளப் 2012-இல் அங்கிருந்து வெளியேறியது. உங்கள் கிளப் சொல்லும் எண்ணைக் கடந்த ஐந்து ஆண்டுச் சராசரி வருகையோடு வைத்துப் பாருங்கள். சீசன் டிக்கெட்டுக்காகக் காத்திருப்போர் பட்டியல் எவ்வளவு நீளம் என்றும் கேளுங்கள்.

மொத்த இருக்கையை விட முக்கியமானது அதன் பிரிவு. விருந்தோடு விற்கப்படும் விலையுயர்ந்த இருக்கைகள் எத்தனை, சாதாரண இருக்கைகள் எத்தனை, அந்தச் சாதாரண இருக்கைகள் எந்தப் பக்கம்? நடுக்கோட்டுக்கு நேரே இருபது ஆண்டுகளாக உட்கார்ந்தவரை மூலைக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் மெத்தை போட்ட நாற்காலி வைப்பது எங்கும் நடக்கிறது. சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் எந்த வரிசைமுறையில் புதிய இடத்தைத் தேர்ந்தெடுப்பார்கள், குழுவாகப் பதிவு செய்ய முடியுமா, முதல் மூன்று ஆண்டுகளுக்கு விலை எப்படி நகரும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கருத்துக் கேட்கும்போது எப்படிப் பதில் எழுதுவது

கிளப் அனுப்பும் கேள்வித்தாளில் 'புதிய ஸ்டேடியத்தை ஆதரிக்கிறீர்களா?' என்று ஒற்றைக் கேள்விதான் இருக்கும். வேறு வழி இல்லை என்ற தொனியில் ஒரு வண்ணப் புத்தகமும் கூட வரும். ஆம், இல்லை என்ற கட்டங்களோடு நிறுத்திவிடாமல், கீழே உள்ள வெற்றிடத்தில் நிபந்தனையோடு எழுதுங்கள்: 'சாதாரண இருக்கைகள் இத்தனைக்குக் குறையாமலும், பழைய மைதானம் திறப்பு விழாவுக்கு முன் விற்கப்படாமலும் இருந்தால் ஆதரிக்கிறேன்.' தனி ஆள் எழுதினால் அது ஒரு கடிதம். ஆயிரம் பேர் ஒரே இரண்டு நிபந்தனைகளை எழுதினால் கிளப் அதை எண்ணித்தான் ஆக வேண்டும்.

மாநகராட்சிக்கு எழுதுவது வேறு கலை. இங்கிலாந்தில் திட்ட விண்ணப்பம் வந்தபின் பொதுமக்கள் கருத்துச் சொல்ல வழக்கமாக 21 நாள் உண்டு. சுற்றுச்சூழல் தாக்க அறிக்கை இணைந்த பெரிய திட்டங்களுக்கு 30 நாள். அங்கே 'என் தாத்தா இங்கே உட்கார்ந்தார்' என்பது கணக்கில் வராது, வீட்டு விலை இறங்கும் என்பதும் வராது. போக்குவரத்து, இரைச்சல், வெளிச்சம், பாரம்பரியக் கட்டடங்கள் ஆகியவை வரும். எனவே தாத்தாவைப் பற்றிக் கிளப்புக்கு எழுதுங்கள், ரயில் நிலையத்தைப் பற்றி மாநகராட்சிக்கு எழுதுங்கள். பிராம்லி-மூர் டாக்கில் பாரம்பரியமே பெரிய வழக்காக இருந்தது. ஜெஸ்ஸி ஹார்ட்லி என்ற பொறியாளர் வடிவமைத்து 1848-இல் திறந்த துறை அது. அதன் நீர்ப்பரப்பைக் கடல் மணலால் நிரப்பித்தான் புல்தரை போட முடிந்தது. பழைய கல்சுவர்களையும் நீர்விசைக் கோபுரத்தையும் காப்பாற்றினார்கள். ஆனாலும் 2021 ஜூலையில் யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆற்றங்கரையின் பிற கட்டுமானங்களோடு இந்த ஸ்டேடியமும் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. எவர்ட்டன் ரசிகர்களிலேயே இதற்காக மனம் நொந்தவர்கள் உண்டு. பாழடைந்து கிடந்த துறைக்கு உயிர் வந்ததே என்றவர்களும் உண்டு. இரு சாராரும் சொன்னதில் நியாயம் இருந்தது.

அக்கம்பக்கத்தாரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க் நகரில் 2015 பிப்ரவரியில் நகர மக்கள் அனைவரிடமும் வாக்கெடுப்பு நடத்தி, சுமார் 58 சதவீதம் பேர் ஒப்புக்கொண்ட பிறகே கட்டத் தொடங்கினார்கள். அப்படியும் இரைச்சலைக் காரணம் காட்டிப் பக்கத்துக் குடியிருப்பினர் நீதிமன்றம் போனார்கள். அவர்களோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசுவது ரசிகர் சங்கத்துக்கே நல்லது.

சட்டத்தின் துணையும் கொஞ்சம் உண்டு. இங்கிலாந்தில் 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒரு மைதானத்தைச் 'சமூக மதிப்புள்ள சொத்து' என்று மாநகராட்சியிடம் பதிவு செய்ய ரசிகர் சங்கம் கேட்கலாம். பதிவானால், விற்பனைக்கு வரும்போது ஆறு மாதம் வரை அதை நிறுத்தி வைக்க முடியும். மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் ஓல்ட் டிராஃபோர்ட் மைதானம் 2013-இல் அப்படிப் பதிவானது. அதே கிளப் 2025 மார்ச்சில் பக்கத்திலேயே ஒரு லட்சம் இருக்கை ஸ்டேடியத்தின் மாதிரியைக் காட்டியது என்பதால், இத்தகைய பதிவுக்கு அங்கே வேலை வந்தாலும் வரலாம். 2025-இல் நிறைவேறிய கால்பந்து நிர்வாகச் சட்டம், மைதானத்தை விற்பதற்கும் இடம் மாறுவதற்கும் தனி ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. ஆகவே இனி உங்கள் நிபந்தனைக் கடிதத்தின் ஒரு படியை அங்கேயும் அனுப்பி வைக்கலாம்.

கடைசி சீசனும் முதல் சீசனும்

அனுமதி கிடைத்து, தூண்களும் எழுந்துவிட்டால் எதிர்ப்பவருக்கும் ஆதரித்தவருக்கும் ஒரே வேலைதான் மிச்சம். பழைய இடத்தின் கடைசி ஆட்டத்துக்கு டிக்கெட் கிடைப்பது அரிது. அதனால் கடைசி சீசனின் நடுவில், யாரும் பொருட்படுத்தாத ஒரு சாதாரண ஆட்டத்துக்கு வீட்டுக் குழந்தைகளை அழைத்துப் போய் உங்கள் இருக்கையில் உட்கார வையுங்கள். வரிசை எண்ணோடு இருக்கையைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மைதானம் என்ன ஆகும் என்பதையும் விடாமல் கேட்டுக்கொண்டே இருங்கள்: இடிப்பதாக இருந்த குடிசன் பார்க்கில் ஆண்கள் அணி 2025 மே 18 அன்று சவுத்தாம்ப்டனை 2-0 என வென்று விடைபெற்றது, இடிப்புத் திட்டம் மாறி, இப்போது அது எவர்ட்டன் பெண்கள் அணியின் வீடாகிவிட்டது. அந்தத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இன்னும் பந்து உருள்கிறது.

புதிய ஸ்டேடியத்தில் முழுக் கூட்டத்தை விடுவதற்கு முன் ஒத்திகை ஆட்டங்கள் நடக்கும். எவர்ட்டன் 2025 பிப்ரவரியில் 18 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்துக்குச் சுமார் 10,000 பேரையும், மார்ச்சில் 21 வயதுக்கு உட்பட்டோர் ஆட்டத்துக்குச் சுமார் 25,000 பேரையும் விட்டுப் பார்த்தது. அப்படி ஒன்றுக்கு வாய்ப்புக் கிடைத்தால், வேடிக்கை பார்க்காமல் வேலை பாருங்கள். இடைவேளையில் கழிவறை வரிசை எத்தனை நிமிடம், உங்கள் இருக்கையிலிருந்து எல்லைக்கோடு முழுதாகத் தெரிகிறதா, சக்கர நாற்காலியில் வந்தவர் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் எதைப் பார்க்கிறார், இறுதி விசில் முடிந்து தெருவுக்கு வர எவ்வளவு நேரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். முதல் சீசன் முடிவதற்குள் அந்தக் குறிப்பைக் கிளப்புக்கும் ரசிகர் சங்கத்துக்கும் அனுப்புங்கள், ஏனென்றால் கட்டுமான ஒப்பந்தக்காரர் இன்னும் பொறுப்பில் இருக்கும்போது கேட்டால்தான் கதவையோ கைப்பிடியையோ மாற்றுவார்கள். அன்றிரவு வீட்டு வாசலை எத்தனை மணிக்கு அடைந்தீர்கள் என்பதையும், முன்பு தனியாக நடந்து பார்த்த இரவில் எழுதி வைத்த நேரத்துக்குப் பக்கத்தில் எழுதி அனுப்புங்கள்.